சாலைப் பள்ளப் புகார் அமைப்பு: விட்டுப்போனது பள்ளம்தான்

அல்சூரில் தங்கி எம்.சி.ஏ. இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. பெங்களூரு சாலைப் பள்ளங்களைப் பொதுமக்கள் புகார் செய்து, கார்ப்பரேஷன் சரிசெய்யும் அமைப்புக்குப் பகுப்பாய்வு எழுத வேண்டும். புகார் செய்பவர் பள்ளத்துக்கு 1 முதல் 10 வரை அளவு தருவார், அதிலிருந்து முன்னுரிமை வரும், வேலை ஆணை போகும், விபத்தில் சேதம் அடைந்தவர் இழப்பீடு கேட்கலாம். புகார், பயனர், ஊழியர் என்று மூன்று அட்டவணை வரைந்து கொடுத்திருக்கிறார். "இதில் பகுப்பாய்வு எங்கே?" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன விட்டுப்போனது என்று கேட்கிறார்.

விட்டுப்போனது பள்ளம்தான். உங்கள் வரைபடத்தில் புகார் இருக்கிறது, புகார் கொடுத்தவர் இருக்கிறார், வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். சாலையில் கிடக்கும் பள்ளத்துக்கு மட்டும் இடம் இல்லை. புகாரையே பள்ளமாக வைத்துக்கொண்டுவிட்டீர்கள். இந்த வகை அமைப்புகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நடைமுறையை யோசியுங்கள். ஒரே பள்ளத்தைப் பற்றிப் பத்துப் பேர் எழுதுவார்கள். ஒருவர் ஒரே புகாரில் தெருவிலுள்ள நான்கு பள்ளங்களைச் சொல்வார். யாருமே சொல்லாத பள்ளத்தை ஏஇ (உதவிப் பொறியாளர்) ரவுண்டு போகும்போது பார்ப்பார். மழையில் அவசரத்துக்கு கோல்டு மிக்ஸ் (சூடாக்காமல் போடும் தார்க் கலவை) போட்டு, மழை விட்டபின் அதையே வெட்டி ஹாட் மிக்ஸ் (சூடான தார்க் கலவை) போடுவார்கள்; பள்ளம் ஒன்று, வேலை இரண்டு. ஒரே வேலை ஆணையில் ஒரு தெருவின் பதினைந்து பள்ளங்கள் அடங்கும். ஆகப் புகாருக்கும் பழுதுக்கும் (சாலையில் உண்மையாகவே இருக்கும் சேதத்துக்கும்) பலவற்றுக்குப் பல உறவு. பழுதுக்கும் வேலைக்கும் அதே உறவு. ஒரே நோயாளிக்காக மூன்று உறவினர் போன் செய்தால் ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளி அட்டை போடமாட்டார்கள் அல்லவா?

எனவே புகார், பழுது, வேலை மூன்றையும் பிரியுங்கள். மூன்றுக்கும் வேறு வேறு நிலைகள் உண்டு. புகார்: வந்தது, பழுதோடு இணைக்கப்பட்டது அல்லது காரணத்தோடு நிராகரிக்கப்பட்டது, பதில் அனுப்பப்பட்டது. பழுது: சந்தேகம், நேரில் உறுதியானது, தடுப்பு வைத்தது, தற்காலிகமாக நிரப்பியது, நிரந்தரமாகச் சரிசெய்தது, சரிபார்க்கப்பட்டது, திரும்ப வந்தது. வேலை: ஒதுக்கியது, புறப்பட்டது, முடிந்தது, முடியாமல் திரும்பியது. உலகமெங்கும் நகராட்சிப் புகார் மென்பொருள்களுக்குப் பொதுவான ஓபன்311 தரவு முறையில் ஒரு கோரிக்கைக்கு 'திறந்தது', 'மூடியது' என்ற இரண்டு நிலைதான் உண்டு. பொதுமக்களுக்குக் காட்ட அது போதும். உள்ளே வேலை நடத்த அந்த இரண்டை மட்டும் வைத்தால், கோல்டு மிக்ஸ் போட்ட அன்றே 'மூடியது' என்று விழும். பள்ளம் அடுத்த மழையில் வாய் திறக்கும். பழைய புகாருக்கும் புதிய பள்ளத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். தற்காலிக வேலை எந்தப் பழுதையும் மூடக்கூடாது. அதற்கு ஒரு காலாவதி நாள் இருக்க வேண்டும். அந்த நாளுக்குள் நிரந்தர வேலை பதிவாகாவிட்டால் பழுது தானாகவே வரிசையின் மேலே ஏற வேண்டும்.

இடத்தைப் பிடிப்பது

பெங்களூரில் முகவரியை நம்பி இந்த அமைப்பைக் கட்ட முடியாது. '3வது மெயின், 7வது கிராஸ்' ஒவ்வொரு லேஅவுட்டிலும் உண்டு. போனில் பேசுகிறவர் "அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பின்னாடி" என்பார். அதே இடம் இன்னொருவர் வாயில் ஹலசூரு. தமிழ், கன்னடம், உருது, இந்தி என எந்த மொழியில் சொன்னாலும் ஆபரேட்டர் ஓர் அடையாளத்தைப் பிடித்து வரைபடத்தில் புள்ளி வைக்கும் வசதி வேண்டும். ஒரே இடத்தின் பல பெயர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை போடுங்கள். கோயில், சர்ச், மசூதி, பஸ் ஸ்டாப், மெட்ரோ தூண் எண் எல்லாம் அதில் வரலாம். ஆப் இல்லாதவரை இந்த வழிதான் உள்ளே கொண்டுவரும்.

ஆப்பில் வரும் இடத்திலும் சிக்கல் உண்டு. பலர் பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த்தான் புகாரை அனுப்புவார்கள். அனுப்பும் நேரத்து இடத்தை எடுத்தால் புள்ளி அவர்கள் ஹாலில் விழும். படம் எடுத்த கணத்தின் இடத்தை எடுக்க வேண்டும். அனுப்பும் முன் வரைபடத்தைக் காட்டி உறுதி கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடத் தகவல் நீக்கப்பட்டுவிடும், எனவே அந்த வழியில் வருபவரிடம் லொகேஷனைத் தனியாகக் கேளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை 5 தசம இலக்கம் வரை சேமித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நுணுக்கம் கிடைக்கும். 2 இலக்கத்தில் நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் பிசகும். போன் தரும் துல்லிய ஆரத்தையும் (புள்ளி எத்தனை மீட்டர் பிசகியிருக்கலாம் என்ற அளவையும்) கூடவே சேமியுங்கள். திறந்த வானத்தின் கீழ் 5 மீட்டர் அளவில் வரும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே, மெட்ரோ பாலத்துக்குக் கீழே, அது பல மடங்காகும்.

ஒரே பள்ளமா என்று ஒப்பிடும்போது இந்த ஆரம்தான் உதவும். 'எப்போதும் 20 மீட்டர்' என்று ஒரே எண் வைக்காமல், இரண்டு புள்ளிகளின் துல்லிய ஆரங்களையும் கூட்டி, அதற்குள் இருந்தால், ஒரே சாலைத் துண்டில், ஒரே பக்கத்தில் இருந்தால் 'ஒன்றாக இருக்கலாம்' என்று காட்டுங்கள். இணைப்பது மனிதர் வேலை. இணைத்ததைப் பிரிக்கவும் வழி இருக்க வேண்டும். இன்னொன்று: தட்டையான வரைபடத்தில் மேம்பாலமும் கீழ்ச்சாலையும் ஒரே புள்ளி. சில்க் போர்டு பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாலைகள் போகின்றன. 'மேலே, தரையில், சுரங்கப் பாதையில்' என்ற ஒரு தேர்வு படிவத்தில் இல்லாவிட்டால் ஆள் தவறான தளத்தில் போய்த் தேடிவிட்டு, 'பள்ளம் இல்லை' என்று எழுதிவிட்டு வருவார்.

வார்டு எண்ணைப் புகாரில் எழுதிவைக்காதீர்கள். 2007 முதல் நகரம் முழுவதும் பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சியின் கீழ் இருந்தது. 2025 செப்டம்பரில் அது போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் வந்தன. 198 ஆக இருந்த வார்டு கணக்கும் மாறிவிட்டது. வார்டு எண்ணை எழுத்தாக வைத்திருந்தால் பழைய பதிவுகள் அத்தனையும் அநாதையாகும். புள்ளியை மட்டும் நிரந்தரமாக வையுங்கள். வார்டு எல்லைகளை 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை' என்று தேதியோடு தனி அட்டவணையில் வைத்து, தேவைப்படும்போது கணக்கிட்டு எடுங்கள்.

யாருடைய பள்ளம்?

பொறியாளர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வார்டு சாலை மாநகராட்சியுடையது. சில சாலைகள் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வரும். மெட்ரோ வேலை நடக்கும் நீளங்களில் மெட்ரோ நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. பி.டி.ஏ. (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) போடும் புது லேஅவுட்டுகளை, ஒப்படைக்கும்வரை அதுவே பார்க்கும். கன்டோன்மென்ட் பக்கம் ராணுவ நிலத்துக்குள் போகும் சாலைகளும் உண்டு. தவறான இடத்துக்குப் போன புகார், அங்கிருந்து 'எங்களுடையது அல்ல' என்று திரும்பி வரும்போது கடிகாரம் நிற்கக்கூடாது. துறை மாறினாலும் புகார் வந்த நேரம் மாறாது. இதை ஒரு விதியாகவே எழுதுங்கள்.

சாலைத் துண்டு என்று ஒரு அட்டவணை தேவை: பராமரிப்பவர், சாலையின் தரம், கடைசியாகத் தார் போட்ட நாள், ஒப்பந்தக்காரர், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் நாள். கடைசியாகச் சொன்னது பணம். அந்தக் காலத்துக்குள் வந்த பள்ளத்தை ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். மென்பொருள் இதைப் பார்க்காமல் வேலை ஆணை போட்டால், ஒரே சாலைக்கு ஊர் இரண்டு முறை பணம் கொடுக்கும். அத்தகைய துண்டில் மாநகராட்சிச் செலவில் வேலை ஆணை உருவாகவே கூடாது. அவசரம் என்றால் செய்துவிட்டு, செலவை ஒப்பந்தக்காரர் கணக்கில் பிடிக்க வழி வையுங்கள்.

அதே போல ரோடு கட்டிங் (சாலையைத் தோண்டும்) அனுமதிகளுக்கும் ஒரு அட்டவணை வேண்டும். வாட்டர் போர்டு, பெஸ்காம் (மின் வினியோக நிறுவனம்), கேஸ் குழாய், ஃபைபர் கேபிள் என்று தோண்டுபவர்கள் பலர். நீளவாக்கில், ஒரே அகலத்தில், நேர்கோடாக அமுங்கியிருந்தால் அது பள்ளமே அல்ல; குழி வெட்டி மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் மூடியதன் விளைவு. மேலே எத்தனை தார் போட்டாலும் அமுங்கிக்கொண்டே இருக்கும். பழுதின் வகையில் பள்ளம், வெட்டிய இடம் அமுங்கல், மேன்ஹோல் மூடி ஏற்ற இறக்கம், ஓரம் உடைதல், வலை போன்ற விரிசல், தண்ணீர் தேக்கம் ஆகியவையாவது தனித்தனியாக இருக்கட்டும். வகை மாறினால் பொறுப்பும் மாறும், வேலையும் மாறும்.

1 முதல் 10 வேண்டாம்

புகார் செய்பவரிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால், கோபத்துக்குத்தான் மதிப்பெண் வரும். எல்லாரும் 10 போடுவார்கள். அவரால் சொல்ல முடிந்ததைக் கேளுங்கள்: ஆழம் விரல் கணு அளவா, உள்ளங்கை அளவா, அதற்கு மேலா, அகலம் சாப்பாட்டுத் தட்டு அளவா, ஸ்கூட்டர் சக்கரம் அளவா, அதற்கும் பெரிதா, தண்ணீர் நிற்கிறதா. அளவெடுப்பது நேரில் போகும் பொறியாளர் வேலை.

அளவெடுத்தபின் வகைப்படுத்த, சாலைச் சேதத்தை மதிப்பிடும் ஏ.எஸ்.டி.எம். டி6433 என்ற தரநிலையின் அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். ஆழம் 13–25 மி.மீ., 25–50 மி.மீ., 50 மி.மீ.க்கு மேல் என்று மூன்று; விட்டம் 100–200, 200–450, 450–750 மி.மீ. என்று மூன்று. இரண்டையும் சேர்த்துத்தான் குறைவு, நடுத்தரம், கடுமை என்று வரும். 50 மி.மீ.க்கு மேல் ஆழம் இருந்தும் விட்டம் 200 மி.மீ.க்குள் என்றால் நடுத்தரம். அதே ஆழத்தில் விட்டம் 450ஐத் தாண்டினால் கடுமை. விட்டம் 750 மி.மீ.க்கு மேல் போனால் பரப்பை 0.5 சதுர மீட்டரால் வகுத்து, அத்தனை பள்ளமாக எண்ணச் சொல்கிறது அந்தத் தரநிலை.

முன்னுரிமைக்கு இது மட்டும் போதாது. நான் இப்படி வைப்பேன்: கடுமை (1–3) பெருக்கல் சாலையின் தரம் (கிராஸ் 1, மெயின் 2, பெருஞ்சாலை 3). சக்கரம் ஓடும் தடத்தில் இருந்தால் 2 கூட்டுங்கள். வளைவு, பஸ் ஸ்டாப், தெருவிளக்கு இல்லாத இடம் ஒவ்வொன்றுக்கும் 1. தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாவிட்டால் அதைக் கடுமை 3 என்றே எடுங்கள். இரு சக்கர வண்டிக்காரருக்கு மிக ஆபத்தானது தெரியாத ஆழம்தான். திறந்த மேன்ஹோல் இந்தக் கணக்குக்குள்ளேயே வரக்கூடாது. அது உடனடித் தடுப்பு, உடனடி அழைப்பு.

எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். புகார் எண்ணிக்கை அந்தத் தெருவில் எத்தனை பேர் ஆப் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். ஐ.டி. பூங்காவுக்குப் போகும் சாலைக்கு நூறு புகார் வரும். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் அதே அளவுப் பள்ளத்துக்கு ஒன்றும் வராமல் போகலாம். அதனால் புகாரைச் சாராத ஆய்வு ரவுண்டும் ஒரு உள்ளீடாக உங்கள் படத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வேலை ஆணைக்குள் என்ன இருக்க வேண்டும்

பெரும்பாலான மாணவர் திட்டங்களில் வேலை ஆணை என்றால் ஊழியர் பெயர், தேதி, நிலை என்று மூன்று கட்டம்தான். ஆனால் பொருள் கணக்கு இல்லாத வேலை ஆணையை வைத்து எவராலும் வேலை நடத்த முடியாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

600 × 500 மி.மீ., 75 மி.மீ. ஆழம் உள்ள பள்ளம். உடைந்த ஓரத்தைத் தாண்டி நல்ல தார் வரும்வரை சதுரமாக, செங்குத்தாக வெட்ட வேண்டும். 800 × 700 என்று வையுங்கள். பரப்பு 0.56 சதுர மீட்டர், கன அளவு 0.042 கன மீட்டர். கெட்டித்த தார்க் கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,300 கிலோ, ஆக 97 கிலோ. சேதாரம் சேர்த்து 100 கிலோ. டேக் கோட் எமல்ஷன் (புதுக் கலவை ஒட்டப் பூசும் தார்க் குழம்பு) அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் பூச வேண்டும்: மொத்தம் 0.785 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 0.3 கிலோ வீதம் சுமார் 240 கிராம். 75 மி.மீ.யை ஒரே தடவையில் நிரப்பினால் அடிப்பகுதி கெட்டிப்படாது. இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் பிளேட் காம்பாக்டரால் (தட்டையாக அடித்துக் கெட்டிக்கும் இயந்திரத்தால்) அடித்து, மேல்மட்டம் சாலைக்குச் சமமாக அல்லது 3–5 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். வண்டி ஓட ஓட அது இறங்கும்.

இனி இதை அமைப்பாகப் பாருங்கள். வெட்டி, சுத்தம் செய்து, பூசி, நிரப்பி, அடிக்க ஒரு குழுவுக்கு ஒரு பள்ளத்துக்கு 25–30 நிமிடம் பிடிக்கும். போக்குவரத்து நேரம் கழித்து, ஒரு நாளில் 12–15 பள்ளம். அதற்குத் தேவை அதிகபட்சம் ஒன்றரை டன் கலவை. ஆனால் பிளான்டிலிருந்து (தார்க் கலவை ஆலையிலிருந்து) டிப்பர் 10 டன் கொண்டுவந்தால்? வி.ஜி.-30 என்ற தார் வகையில் செய்த கலவை போடும்போது 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது, கெட்டிக்கும்போது 90க்குக் கீழே இறங்கக்கூடாது என்கிறது மத்தியச் சாலைத் துறையின் விவரக்குறிப்பு. மாலை நான்கு மணிக்கு அந்த டிப்பரில் மிச்சமிருப்பது ஆறிய கட்டி. அதைப் போட்டால் ஒட்டாது. ஆகவே வேலை பிரிக்கும் பகுதி, முன்னுரிமையோடு கூடப் பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களைத் தொகுத்து, ஒரு லோடு எத்தனை பள்ளத்துக்கு எத்தனை மணிக்குள் தீரும் என்றும் கணக்கிட வேண்டும். இரண்டு மூன்று குழுக்களுக்கு ஒரே லோடைப் பங்கிடுவது ஒரு வழி. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஹாட் மிக்ஸ் போடவே முடியாத நாட்கள் பல வரும், அப்போது ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 116 விவரக்குறிப்பில் உள்ள ரெடிமேட் கலவை மூட்டைகள்தான் வழி. அந்த வேலை 'தற்காலிகம்' என்றே பதிவாகட்டும்.

வேலை ஆணை ஒவ்வொன்றிலும் கணக்கிட்ட எடையும், உண்மையில் போட்ட எடையும், போடும்போது எடுத்த வெப்பநிலையும் இருக்கட்டும். பிளான்டின் எடைச் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் அன்றைய வேலை ஆணைகளின் கூட்டுத்தொகையும் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அமைப்பு கொடி காட்ட வேண்டும். கலவை எங்கே போனது என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

மூடுவது யார்?

போட்டவரே மூடக்கூடாது. குழு 'முடிந்தது' என்று வேலையைத்தான் குறிக்கலாம். பழுதை 'சரிபார்த்தது' என்று குறிப்பது வேறு ஒருவர். முன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படம், நேரத்தோடும் இடத்தோடும் வேண்டும். பழைய படத்தை மறுபடி ஏற்றுவது சாதாரணமாக நடக்கும். கேலரியிலிருந்து ஏற்ற விடாமல், ஆப்புக்குள்ளேயே எடுக்கச் செய்வது பாதித் தொல்லையைக் குறைக்கும். புகார் செய்த அனைவருக்கும் தகவல் போய், 7 நாளுக்குள் 'இன்னும் இருக்கிறது' என்று சொல்ல வழி இருக்க வேண்டும். யாரும் பதில் சொல்லாததைத் திருப்தி என்று எண்ணாதீர்கள். பத்தில் ஒரு பழுதையாவது நேரில் பாருங்கள்.

மேலே சொன்ன துல்லிய ஆரக் கணக்கின்படி சரிசெய்த அதே இடத்தில் 90 நாளில் புதுப் பழுது வந்தால், அதைப் 'புதிது' என்று பதியாமல் 'திரும்ப வந்தது' என்று பழையதோடு கட்டுங்கள். இரண்டாவது முறை வந்தால் மறுபடி தார் ஆணை போடவே கூடாது. காரண ஆய்வு ஆணை போக வேண்டும். ஏனென்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். கீழே குழாய் கசியும், அல்லது ஓரத்து மழைநீர்க் கால்வாயின் வாய் அடைத்திருக்கும், அல்லது சாலையின் சரிவே தப்பாக இருக்கும். தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கி மண்ணை இளக்கியபின் மேலே போடும் தார் வெறும் ஒப்பனை. அந்த ஆணை வாட்டர் போர்டுக்கோ வடிகால் பிரிவுக்கோ போனால்தான் பள்ளம் தீரும்.

மேலதிகாரிக்குக் காட்டும் அறிக்கையும் இதற்கு ஏற்ப மாற வேண்டும். 'இந்த மாதம் மூடிய புகார்' என்ற எண்ணை முதல் வரியில் வைத்தால், எல்லாரும் மூடுவதில்தான் குறியாக இருப்பார்கள். 90 நாளில் திரும்ப வந்த விகிதம், கடுமையான பழுது திறந்தே கிடந்த நாட்களின் இடைநிலை (மீடியன்), தற்காலிகமாகவே நின்றுவிட்டவை ஆகிய மூன்றை முதலில் காட்டுங்கள்.

இழப்பீடு

இதைப் புகார் அட்டவணையில் ஒரு கட்டமாக வைக்காமல் தனியாக வையுங்கள். பெயர், காயம், மருத்துவச் செலவு எல்லாம் தனிப்பட்ட தகவல், பழுதைப் பார்க்கும் எல்லாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. சட்டத்தில் கேள்வி எப்போதும் 'எப்போது தெரிந்தது, தெரிந்தபின் என்ன செய்தீர்கள்' என்றுதான் வரும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை உரிய தரத்தில் வடிவமைக்கவோ பராமரிக்கவோ தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் தரவும், பள்ளம் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும் உத்தரவிட்டது. ஆகவே நிலை மாற்றம் ஒவ்வொன்றும் யார், எப்போது என்று எழுதப்பட்ட, பின்னால் திருத்த முடியாத வரலாறாக இருக்க வேண்டும். தேதியை மாற்றி எழுத முடிந்த அமைப்பு அடிபட்டவருக்கு அநியாயம் செய்யும்.

படத்தில் எப்படி வரைவது

சூழல் வரைபடத்தில் (அமைப்பையும் அதோடு தொடர்புள்ள வெளியாட்களையும் மட்டும் காட்டும் படத்தில்) வெளியாட்கள்: பொதுமக்கள், பொறியாளர், வேலைக் குழு அல்லது ஒப்பந்தக்காரர், பிளான்ட், தோண்டும் துறைகள், போக்குவரத்துப் போலீஸ், கணக்குப் பிரிவு. அடுத்த மட்டத்தில் ஆறு செயல்கள்: புகார் பெறுதல், பழுதோடு பொருத்துதல், ஆய்வும் பொறுப்பு தீர்மானமும், வேலை தொகுத்தல், செயல்பதிவும் பொருள் கணக்கும், சரிபார்ப்பும் பதிலும். இழப்பீட்டை ஏழாவதாகத் தொங்கவிடலாம். சேமிப்புகள்: புகார், பழுது, வேலை, சாலைத் துண்டு, தோண்டும் அனுமதி, எல்லைகள், வரலாறு, இழப்பீடு.

சமர்ப்பிக்கும் முன் இந்த நிகழ்வுகளை உங்கள் படத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்: ஒரே புள்ளியில் மூன்று பேர் புகார், அதில் ஒருவர் சொன்ன பள்ளம் மேம்பாலத்தின் மேலே; ஆள் போனபோது பள்ளத்தில் தண்ணீர், வேலை முடியாமல் திரும்பினார்; சாலை பொறுப்புக் காலத்துக்குள் இருக்கிறது, ஆனால் ஒப்பந்தக்காரர் வரவில்லை; போன மாதம் நிரப்பிய இடம் வாட்டர் போர்டு தோண்டியதால் மறுபடி போனது; பள்ளம் இருக்கும்போதே வார்டு எல்லை மாறியது; 'சரிபார்த்தது' என்று குறித்த மறுநாள் அதே இடத்தில் ஒருவர் விழுந்தார். எந்த நிகழ்வில் உங்கள் அம்புக்குறிக்குப் போக இடம் இல்லையோ, அங்கே ஒரு செயலோ ஒரு சேமிப்போ இன்னும் வரையப்படவில்லை.